சின்சில்லாவை எங்கிருந்து பெறுவது: கடையிலா, வளர்ப்பாளரிடமா, கைமாற்றுபவரிடமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சென்ற பள்ளி விடுமுறையில் லெனேசியாவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டார் வளர்க்கும் இரண்டு சின்சில்லாக்களை, அடர்ந்த மென்முடி கொண்ட சிறு கொறிவிலங்குகளை, பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைவே இல்லை. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து, தினமும் புல் வைப்பதும் கூண்டைத் துடைப்பதும் தன் பொறுப்பு என்று எழுதியும் கொடுத்துவிட்டாள். நானும் என் கணவரும் சம்மதித்துவிட்டோம். எங்கிருந்து வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள வணிக வளாகத்துக் கடையில் குட்டிகள் இருக்கின்றன. ஆறு வாரம் ஆனவை என்றார்கள். ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு, வளர்ந்தால்தான் தெரியும் என்று பதில் வந்தது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு பெண்மணி பல ஆண்டுகளாகச் சின்சில்லாக்களை இனப்பெருக்கம் செய்து கொடுக்கிறார். தொலைபேசியில் நான் அவரிடம் கேட்டதைவிட அவர் என்னிடம் கேட்டதே அதிகம். அண்ணன் தம்பியான இரண்டு ஆண் குட்டிகளைப் பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகு தருவதாகவும், நாங்களே நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இதற்கிடையே, ஹில்கிரெஸ்டில் ஒரு குடும்பம் வெளிநாட்டில் குடியேறப் போவதால், ஒன்றாகவே வளர்ந்த நான்கு வயது ஆண் சின்சில்லாக்கள் இரண்டையும் கூண்டோடு கொடுக்க விரும்புகிறது. ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள எஸ்.பி.சி.ஏ. என்னும் விலங்குநல அமைப்பிலும் விசாரித்தேன். இப்போது அவர்களிடம் எதுவும் இல்லை.

குட்டியிலிருந்து வளர்த்தால்தான் பழகும் என்று மகள் நினைக்கிறாள். அது சரியா? எங்கள் வீட்டில் குளிர்சாதனம் உள்ள அறை ஒன்றுதான். மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது.

பதில் 1: பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வணக்கம் அம்மா. பதினோரு ஆண்டுகளாகச் சின்சில்லா வளர்த்து வருகிறேன். நீங்கள் வாங்குவதற்கு முன்பே கேட்டது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது.

எங்கிருந்து என்பதற்கு முன்னால் எந்த அறைக்கு என்பதை முடிவு செய்யுங்கள். இது சிலி நாட்டின் ஆண்டீஸ் மலைச் சரிவுகளில், குளிர்ந்த வறண்ட காற்றில் வாழும் உயிர். அதன் ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பது அறுபது முடிகள் கிளம்புகின்றன. அந்த அடர்த்திக்காகவே வேட்டையாடப்பட்டு, காட்டில் இன்று அழியும் நிலையில் இருக்கிறது. அதே அடர்த்திதான் டர்பனில் அதற்கு எமனாகிறது. அறை வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிடும். ஈரப்பதமும் சேர்ந்தால் அதற்குக் கீழேயே மூச்சு வாங்கும். பெப்ரவரியில் டர்பனின் சராசரிப் பகல் வெப்பமே 28 டிகிரி அளவில் இருக்கிறது. அறையில் வெப்பமானி ஒன்றை மாட்டி, இரண்டு வாரம் பகல் இரண்டு மணிக்கு என்ன காட்டுகிறது என்று மகளையே குறித்துவைக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் வெயில் வடக்கிலிருந்து விழுவதால், வீட்டின் தெற்குப் பக்க அறை எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். முடிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி கடையைப் பற்றி. சின்சில்லாக் குட்டி கண் திறந்து, முடியோடு, பிறந்த அன்றே ஓடும் நிலையில் பிறப்பதால், சீக்கிரம் பிரித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எட்டு வாரம் வரை அதற்குத் தாயின் பால் தேவை. ஆறு வாரக் குட்டியை விற்பனைக்கு வைத்திருக்கும் இடத்தில் மேற்கொண்டு எதையும் கேட்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆண் பெண் வேறுபாட்டைப் பிறந்த நாளிலிருந்தே அறியலாம். பெண்ணுக்கும் சிறுநீர்த் துவாரம் கூம்புபோல நீண்டிருப்பதால் தெரியாதவர்கள் ஏமாறுகிறார்கள். அந்தக் கூம்புக்கும் ஆசனவாய்க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் போதும், ஆணுக்கு அது அகலமாக இருக்கும்.

என் முதல் இரண்டையும் நான் ஒரு கடையில்தான் வாங்கினேன். இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று ஆண். இதன் கர்ப்பகாலம் 111 நாள் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. மிக இளம் வயதிலேயே கருவுற்ற அந்தப் பெண் இரண்டு குட்டிகளை ஈன்றது. ஒன்று இறந்தே பிறந்தது. மற்றொன்றுக்கு இரண்டு வயதில் கடைவாய்ப் பற்களின் வேர் தாடைக்குள் வளர்ந்து, உண்ண முடியாமல் போய், கடைசியில் மருத்துவரிடம் ஊசி போட்டு அதன் வலியை முடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குட்டியின் தாய் தந்தை எந்தப் பரம்பரையில் வந்தவை, உடன்பிறந்தவையா என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. எனக்கு அந்த நினைவு இன்னும் வலிக்கிறது.

பரம்பரை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1923ஆம் ஆண்டில் மத்தியாஸ் சாப்மன் என்னும் சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து பதினொரு சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுசென்றார். அமெரிக்காவில் இன்று வீடுகளில் வளர்பவை ஏறத்தாழ அனைத்தும் அவற்றின் வழிவந்தவையே. இவ்வளவு குறுகிய வேரிலிருந்து கிளைத்த உயிரில், யாரோடு யாரைச் சேர்ப்பது என்று கணக்கு வைத்துச் செய்பவருக்கும், கூண்டில் ஒன்றாகப் போட்டுவிட்டுக் குட்டிகளை எண்ணுபவருக்கும் மலையளவு வேறுபாடு இருக்கிறது.

ஆகவே ஜோகன்னஸ்பர்க் அம்மையாரிடம் போனால், குட்டிகளைப் பார்ப்பதற்கு முன் தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லுங்கள். அவற்றின் வயது, இதற்கு முன் கொடுத்த குட்டிகளில் யாருக்காவது பல் நோய் வந்ததா, வந்திருந்தால் அந்த இணையைச் சேர்ப்பதை நிறுத்தினாரா என்று கேளுங்கள். வாரந்தோறும் எடுத்த எடைக் குறிப்பேடு இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு: வெல்வெட் வகையை வெல்வெட்டோடும், வெள்ளையை வெள்ளையோடும் அவர் சேர்ப்பாரா? அந்த மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேரும் கரு பிழைக்காது என்பதால், விவரம் அறிந்தவர் சேர்க்க மாட்டார். உங்களை அவர் அதிகம் கேள்வி கேட்டது எனக்கு நல்ல அறிகுறியாகவே படுகிறது. குட்டி போகும் இடத்தைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லாவிட்டால் பணத்தை மட்டும்தான் கேட்டிருப்பார்.

அங்கிருந்து டர்பனுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வான் ரீனன் கணவாயைத் தாண்டிவிடுங்கள். வண்டியில் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: ஃபீனிக்ஸ்

அக்கா, ஒன்று மட்டும் சொல்கிறேன். நேரில் பார்க்காத எந்த விலங்குக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். நான் ஓர் இணைய விளம்பரத்தை நம்பி முதலில் பாதித் தொகை அனுப்பினேன். பிறகு விமானத்தில் அனுப்பக் குளிரூட்டிய பெட்டி வேண்டும் என்றார்கள், அதற்கடுத்து காப்பீடு என்றார்கள். மூன்றாவது முறை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் அனுப்பிய படங்கள் வேறு யாருடைய வீட்டிலோ எடுத்தவை. ஹில்கிரெஸ்ட் வீடு அரை மணி நேரத் தூரம்தானே, முதலில் போய்ப் பாருங்கள்.

பதில் 3: லாடியம், பிரிட்டோரியா

வணக்கம். ஒரு கால்நடை மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா சொன்னவை அனைத்தும் சரியானவை. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஹில்கிரெஸ்ட் இணையைத்தான் முதலில் பார்ப்பேன்.

சின்சில்லா பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை வாழும். உங்கள் மகள் பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போகும்போதும் குட்டியாக வாங்கியது வீட்டில் இருக்கும். அப்போது அதைப் பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான். குட்டிதான் பழகும் என்பதும் முழு உண்மையன்று. நாள்தோறும் கையால் தொட்டு, பயமுறுத்தாமல் வளர்க்கப்பட்ட நான்கு வயது விலங்கு, யாரும் தொடாமல் வளர்ந்த மூன்று மாதக் குட்டியைவிட எளிதில் உங்களிடம் வரும். அதோடு, வளர்ந்த விலங்கின் உடல் தன் கதையைத் தானே சொல்லிவிடும். குட்டியின் கடைவாய்ப் பற்கள் நாளை என்னவாகும் என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது.

பார்க்கப் போகும்போது மாலை மங்கும் நேரத்தில் போங்கள். பகலில் அவை உறங்கும், அப்போது நலமானதும் நோயுற்றதும் ஒரே மாதிரி தெரியும். முன் வெட்டுப்பற்கள் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருப்பதுதான் நலம். வெண்மையாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். மோவாயும் முன்னங்கால்களும் எச்சிலால் நனைந்திருக்கின்றனவா, கண்ணிலிருந்து நீர் வடிகிறதா என்று பாருங்கள். கீழ்த்தாடையின் அடிப்பக்கத்தை விரலால் மெதுவாக வருடினால் மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். மூக்கிலோ காதிலோ பாதத்திலோ முடி உதிர்ந்து செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். புல்லை வைத்து அவை உண்பதைப் பாருங்கள். ஆவலோடு வந்து, வாயில் எடுத்ததைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்தால் அது பல் வலியாக இருக்கக்கூடும்.

பிறகு, பேச்சை முடிப்பதற்கு முன், இரண்டையும் மருத்துவரிடம் காட்டி எடை பார்த்து, காது பார்க்கும் கருவியால் கடைவாய்ப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் தலைக்கு எக்ஸ்ரே எடுக்கலாம். செலவைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, அது செலவுதான். ஆனால் பல் நோய் வந்த பின் சில வாரங்களுக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துத் தேய்க்கும் செலவோடு பார்த்தால் இது சிறிது.

எல்லா மருத்துவருக்கும் சின்சில்லா பழக்கமில்லை. தொலைபேசியில் இப்படிக் கேளுங்கள்: சின்சில்லாவுக்கு வாய்வழியாகக் கொடுக்கக்கூடாத நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் எவை? பென்சிலின், அமாக்சிசிலின் போன்றவை அதன் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்து உயிருக்கே கேடாகும். தயங்காமல் இதைச் சொல்பவரிடம் போங்கள்.

சாம்பிராணி விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. புகை அதன் சிறு நுரையீரலுக்கு ஆகாது. மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லி, பூசை அறைக்கு எதிர்ப்பக்கத்தில் கூண்டை வைத்து, அந்த நேரம் கதவைச் சாத்தி, வாசலின் அடியில் துணியைச் செருகிவிட்டால் போதும். பூசையை நிறுத்த வேண்டியதில்லை.

பதில் 4: உம்லங்கா

மற்றவர்களின் அன்பான பதில்களுக்கிடையே நான் கடுமையாகப் பேசுவதாகத் தோன்றினால் மன்னியுங்கள். 2023 பெப்ரவரியில் லோட்ஷெட்டிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் நிலைக்குப் போனபோது நான் வேலையில் இருந்தேன். குளிர்சாதனம் நின்றுவிட்டது. வீட்டிலிருந்த சிறிய இன்வெர்ட்டர் விளக்கையும் இணையத்தையும் தாங்கியதே தவிர அதைத் தாங்கவில்லை. மாலையில் வந்து பார்த்தபோது என் பெண் சின்சில்லா காதுகள் சிவந்து பக்கவாட்டில் படுத்திருந்தது. அன்றிரவே இறந்துவிட்டது. மற்றொன்றை ஹோவிக்கில் உள்ள என் தங்கையிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது மின்தடை அப்படி இல்லை என்பது தெரியும். ஆனால் வெள்ளமோ பழுதோ எதனாலும் ஒரு நாள் மின்சாரம் போகலாம். அந்த நாளுக்கான வழி உங்களிடம் இல்லாவிட்டால், எங்கிருந்தும் வாங்காதீர்கள். கூண்டைக் குளிர்விக்க, உறைபெட்டியில் எப்போதும் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளும் சில பளிங்குக் கற்களும் இருக்கட்டும். பகலில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர், மீண்டும்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உம்லங்கா அக்கா, உங்கள் இழப்பைப் படித்து நானும் மகளும் அழுதுவிட்டோம். உங்கள் பதில்தான் எங்கள் திட்டத்தை அதிகம் மாற்றியது.

குளிர்சாதன அறை வடக்குப் பார்த்தது. மார்ச் மாதத்திலும் இயந்திரத்தை நிறுத்திய ஒரு மணி நேரத்தில் 27 டிகிரியைத் தொட்டது. பின்பக்கம் தெற்குப் பார்த்து ஒரு சிறிய அறை இருக்கிறது, இத்தனை நாள் பழைய பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். அங்கே அதே நேரம் 24. பெட்டிகளை எடுத்துவிட்டு, குளிர்சாதனத்தை அங்கே மாற்றி, அது மட்டும் ஆறு மணி நேரம் ஓடும் அளவுக்கு மின்கலமும் வைப்பதாக என் கணவர் சொல்லியிருக்கிறார். பகலில் மாமியார் வீட்டில் இருக்கிறார். புட்டிகளை எங்கே வைப்பது, காதுகள் சிவந்தால் என்ன செய்வது என்பதை மகள் அவருக்குப் பெரிய எழுத்தில் எழுதி உறைபெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். சாம்பிராணியை இனி முன்முற்றத்தில் போடுவதாக அவரே சொன்னார்.

ஹில்கிரெஸ்டுக்கு நேற்று மாலை போனோம். இரண்டும் புல்லை விடாமல் மென்றன, பற்கள் நல்ல ஆரஞ்சு நிறம். பெரியது 590 கிராம், சிறியது 510. சிறியது மகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. அந்த வீட்டுப் பையனுக்கு அவற்றைப் பிரிய மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது, மாதம் ஒருமுறை படம் அனுப்புவதாக என் மகள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். சனிக்கிழமை மருத்துவரிடம் காட்டுகிறோம். நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டபோது, நான் முடிப்பதற்குள் அவர் பென்சிலின் என்றார். பற்கள் நலம் என்று அவர் சொன்னால் எடுத்துக்கொள்வோம். இல்லையென்றால் ஜோகன்னஸ்பர்க் அம்மையாரின் குட்டிகளுக்குக் காத்திருப்போம். கடைக்குப் போவதில்லை.

பதில் 1: பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நல்ல முடிவு அம்மா. எடுத்துவரும்போது கூண்டைக் கழுவாமல் அப்படியே கொண்டு வாருங்கள், அதன் வாசனை அவற்றுக்குத் துணை. உள்ளே பிளாஸ்டிக் தட்டுகள் இருந்தால் மட்டும், கடித்து விழுங்கிவிடும் என்பதால், பிறகு மரப்பலகையாக மாற்றிவிடலாம். இப்போது உண்ணும் புல்லிலும் குறுணைத் தீவனத்திலும் (பெல்லட்) இரண்டு வாரத்துக்கான அளவை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். தீவனத்தைத் திடீரென மாற்றினால் வயிறு உப்பிவிடும். அதற்குப் பிறகு குதிரைகளுக்கு விற்கும் எரக்ராஸ்டிஸ் புற்கட்டே போதும். லூசர்ன் எனப்படும் குதிரைமசாலைத் தினமும் வைக்க வேண்டாம், வளர்ந்தவற்றுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. புழுதிக் குளியலுக்குக் கடற்கரை மணலைப் பயன்படுத்தாதீர்கள். சின்சில்லாவுக்கென்றே விற்கும் மெல்லிய எரிமலைத் தூளை வாரம் இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். முதல் வாரம் கூண்டின் பக்கத்தில் அமர்ந்து மெதுவாகப் பேசினால் போதும், தூக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை மருத்துவர் சொன்னதை இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.