ஓ குரூப்புக்கு ரத்தம் கட்டாதா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
டர்பனிலிருந்து துபாய் வழியாகச் சென்னை போன என் தங்கைக்கு நான்காம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்துவிட்டது. ஸ்கேனில் காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. அவள் ஏ குரூப். ஏ, பி, ஏபி உள்ளவர்களுக்கு ஓ குரூப்பைவிட இந்த ஆபத்து ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. பயணத்துக்கு முன்பே ரத்த வகையைக் கேட்டு எச்சரிக்க வேண்டாமா?

ஃபீனிக்ஸ் தம்பி:
தங்கச்சி இப்போது நலமா அக்கா? ஆனால் நம் மக்களில் பாதிக்கு மேல் ஓ அல்லாதவர்கள்தான். எல்லோரையும் கலங்கடித்து என்ன பயன்? என் அப்பா ஓ பாசிட்டிவ். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு, ‘என் ரத்தம் கட்டாது’ என்று எழுந்து நடக்கவே மறுத்தார். மூன்றாம் வாரம் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. பிழைத்ததே பெரிய விஷயம். உங்கள் எச்சரிக்கை இப்படிப்பட்டவர்களை அசட்டையாக்கும்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
அப்பா பட்ட பாடு மனதை உலுக்குகிறது தம்பி. அதற்காக உண்மையை மறைக்க முடியுமா? ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் ஓ குரூப்காரர்களுக்கு ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அவர்கள் உடலிலிருந்து அது சீக்கிரம் கழிந்துவிடுகிறது. ரத்தம் உறையத் தேவையான இன்னொரு புரதமான எட்டாம் உறைகாரணியைக் காப்பதும் அதே புரதம்தான், அதனால் அதுவும் குறைகிறது. ரத்த வகைக்கும் ரத்தக்கட்டிக்கும் உள்ள தொடர்பு 1969-லேயே லான்செட் மருத்துவ இதழில் வந்தது!

ஃபீனிக்ஸ் தம்பி:
தொடர்பு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. குரூப்பை மாற்ற முடியாது, காலை அசைக்க முடியும். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்தாலே ஆபத்து இரு மடங்காகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அப்போதும் 6000 பேரில் ஒருவருக்குத்தான். தங்கச்சி கருத்தடை மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
சாப்பிட்டாள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ள மாத்திரை.

ஃபீனிக்ஸ் தம்பி:
ரத்தம் கட்டும் ஆபத்தை அதுவும் கூட்டுமே, அதைத்தானே முதலில் கேட்டிருக்க வேண்டும்!

சாட்ஸ்வொர்த் அக்கா:
மாத்திரையோடு ஏ குரூப்பும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும், தம்பி. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன். மாத்திரை எழுதிக் கொடுத்தவர் எதையுமே கேட்கவில்லை. சரி, அப்பா இப்போது நடக்கிறாரா?

ஃபீனிக்ஸ் தம்பி:
தினமும் காலையில் கோயில்வரை, என் கையைப் பிடித்துக்கொண்டு.