டிராக்ஸ்லர்: ஜி5 குதிரைக்குக் கறுப்பின் அடி

(ஒரு சதுரங்கத் திறப்பு பற்றிய உரையாடல். பேசுகிறவர்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள். கட்டங்களில் எழுத்து பத்தியையும் எண் வரிசையையும் குறிக்கும்.)

ஹட்டன்:
பாடசாலைச் சுற்றுப்போட்டிகளில் சின்ன வயதுப் பிரிவு மேசைகளைப் பார்த்தால் தெரியும், வெள்ளைக்கு எஃப்7 மேல்தான் (கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாய் நிற்கும் கட்டம்) கண். 1. ஈ4 ஈ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. மந்திரி (பிஷப்) சி4, குதிரை எஃப்6 4. குதிரை ஜி5. வழக்கமான தடுப்பு டி5. டிராக்ஸ்லர் என்ற எதிர்த்தாக்குதலில் தடுப்பதே இல்லை, மந்திரியை சி5இல் வைக்கிறோம்.

குதிரை எஃப்7ஐ வெட்டி ராணியையும் கோட்டையையும் சேர்த்துக் குறிவைக்கும். விடுங்கள். மந்திரி எஃப்2ஐ வெட்டி செக். ராஜா அதை வெட்டினால் குதிரை ஈ4ஐ வெட்டி மறுபடியும் செக். ராஜா ஜி1, ராணி எச்4. எஃப்2இல் மேட் காத்திருக்கிறது. கோட்டை ஆசையில் எச்8ஐ வெட்டினால் அந்த மேட்தான். ஜி3 ஆடத் தெரிந்தவர் தாக்குப்பிடிப்பார். நம் குதிரை ஜி3ஐயும் வெட்டும். இரு பக்கமும் பிசகாமல் ஆடினால் சமன்.

பண்டாரவளை:
ராஜா வெட்டாமல் எஃப்1க்கு ஒதுங்கினால் ராணி ஈ7. எச்8 கோட்டை போகட்டும், அங்கே போன குதிரை லேசில் வெளியே வராது. அடுத்து டி5, பிறகு குதிரை டி4.

ராஜா ஈ2க்கு ஏறினால் 1890இல் டிராக்ஸ்லரே ஆடிய ஆட்டம் இருக்கிறது. அவர் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) கத்தோலிக்கக் குருவானவர். ரைனிஷ் என்பவருக்கு எதிராக ராணியையே கொடுத்துவிட்டு, 17ஆவது நகர்வில் சி5 சிப்பாயால் மேட் வைத்தார்.

நுவரெலியா:
அண்ணே, இதெல்லாம் எஃப்7ஐக் குதிரையால் வெட்டுகிறவர்களிடம் சரி. படித்துவிட்டு வந்தவர் மந்திரியால் வெட்டி செக் வைப்பார். ராஜா ஈ7. ஒரு சிப்பாய் போச்சு, காஸ்லிங்கும் (ராஜாவும் கோட்டையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) போச்சு. கறுப்பு அதிகம் தோற்பது இங்கேதான், அவசரத்தால். வெள்ளை மந்திரி பி3க்குத் திரும்பியதும் குதிரையை விரட்ட எச்6 தள்ளுகிறார்கள். அந்தக் குதிரை எஃப்7இல் இறங்கும், பி3 மந்திரி காவல் இருப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது. ராணியா கோட்டையா, ஒன்று போகும். ஆகவே முதலில் கோட்டை எஃப்8. அப்புறம் டி6, ராணி ஈ8. அங்கிருந்து ராணி ஜி6க்குப் போகலாம், டி5இல் குதிரை செக் வந்தால் ராஜா டி8க்கு நழுவ இடமும் இருக்கிறது. ரெபிட் (குறைந்த நேர) போட்டிக்கு இது போதும். நீண்ட நேர ஆட்டத்தில், தயாராக வந்த ஆளிடம் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கண்டி:
ஐந்தாவது நகர்வில் வெள்ளை டி4 ஆடினால்?

ஹட்டன்:
டி5. ஆனால் நாலாவதிலேயே டி3 ஆடிவிட்டால் டிராக்ஸ்லரே கிடையாது, சாதாரண இத்தாலியன் திறப்புதான். அதற்கும் ஒன்று தயார் செய்துகொண்டு போங்கள்.