புதுப்பிப்பு: தம்பியின் நிறப் பார்வை டெஸ்ட்

ரயில்வே லோகோ பைலட் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, கண்ணாடிக் கடையில் இஷிஹாரா புத்தகத்தில் (வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் நிறப் பார்வை டெஸ்ட்) 74-ஐ 21 என்று படித்தான், அடுத்து என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பெரிய கண் ஆஸ்பத்திரியில் காட்டியாச்சு.

முதலில் டி-15. கலைந்து கிடக்கும் 15 வண்ண மூடிகளை நிற வரிசைப்படி அடுக்கணும். பயல் சரியாகவே அடுக்கிவிட்டான்! எங்களுக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் சிரிக்கவில்லை. லேசான குறைபாடு இதில் தப்பிவிடுமாம்.

அப்புறம் அனோமலாஸ்கோப். 1907-இல் நாகல் வடிவமைத்த கருவி. குழாய்க்குள் பார்த்தால் சின்ன வட்டம்; ஒரு பாதியில் மஞ்சள், மறு பாதியில் சிவப்பும் பச்சையும் கலந்த ஒளி. திருகைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கணும். இவன் "ஒண்ணாயிடுச்சு" என்றபோது எட்டிப் பார்த்தேன், கலவைப் பாதி பச்சையாகத்தான் தெரிந்தது. பச்சை அதிகம் கேட்டால் டியூட்டரனாமலி (பச்சை உணர்வில் குறை), சிவப்பு அதிகம் கேட்டால் புரோட்டனாமலி (சிவப்பு உணர்வில் குறை). இவனுக்கு முதலாவது.

இஷிஹாரா புத்தகத்தை மனப்பாடம் செய்யச் சொன்ன அண்ணாச்சிக்கு: பக்கங்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள், விளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் லாந்தர் டெஸ்ட் வேறு இருக்கிறது. மொபைல் ஆப்பில் டெஸ்ட் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு: திரைக்குத் திரை நிறம் மாறும், நம்பாதீர்கள். கலர் கண்ணாடியும் இந்தக் குறைபாட்டைக் குணமாக்காது.

குறைபாடு உறுதியானதால் தம்பி லோகோ பைலட் தேர்வை விட்டுவிட்டான். இப்போது வங்கித் தேர்வுப் புத்தகம் தேடுகிறான். பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.