இண்டிகேட்டர் லீவரைத் திருப்பி அனுப்பும் முளைக்கு என்ன பெயர்?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார்களில் ஸ்டியரிங் வீலையும் இண்டிகேட்டர் சுவிட்சையும் மாற்றுவதற்கு ஒரு கையேடு எழுதிவருகிறேன். பல பாகங்களுக்குச் சொல் நம்மிடமே இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடம் (நடுப்பகுதி), ஆரக்கால், வட்டை (வெளி வளையம்) மூன்றும் ஸ்டியரிங் வீலுக்கு அப்படியே பொருந்துகின்றன. ‘இண்டிகேட்டர்’ என்பதை மட்டும் மாற்றவில்லை. ‘திசைகாட்டி’ என்றால் காந்த ஊசிதான் நினைவுக்கு வரும்.

ஒரே ஒரு பாகத்தில் பேனா நின்றுவிட்டது. வளைவு முடிந்து வீல் நேராகும்போது இண்டிகேட்டர் லீவரைத் தட்டி நடுநிலைக்கு அனுப்புகிறதே, அது. சில கார்களில் குடத்தின் அடியில் வார்த்த சிறு புடைப்பாக இருக்கும். சிலவற்றில் ஸ்டியரிங் தண்டின் மேல் செருகிய பிளாஸ்டிக் வளையத்தில் இருக்கும். பட்டறையில் ‘கேன்சல் கேம்’ என்பார்கள். அதை ஒட்டி ‘ரத்து முளை’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. வீல் மாற்றியபின் வரும் இண்டிகேட்டர் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த முளையில்தான் தொடங்குகிறது. அதனால் சொல் தெளிவாக அமைய வேண்டும்.

* * *

> அதை ஒட்டி ‘ரத்து முளை’ என்று எழுதிப் பார்த்தேன்

வேண்டாம் ஐயா. டிக்கெட்டை ரத்து செய்யலாம், ஆணையை ரத்து செய்யலாம். இங்கே ஒரு பாகம் இன்னொன்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். விளக்கு அணைவது அதன் விளைவு.

நடப்பதைப் பாருங்கள். சுவிட்சுக்குள் இடமும் வலமுமாக இரண்டு ஸ்பிரிங் நாக்குகள். லீவர் நடுவில் இருந்தால் இரண்டும் முளையின் பாதையை விட்டு ஒதுங்கியிருக்கும். வலப்பக்கம் போட்டால் ஒரு நாக்கு முளையின் பாதைக்குள் நீளும். வீலை வலமாகத் திருப்பும்போது முளை அந்த நாக்கை உரசி மடக்கிவிட்டுக் கடந்துபோகும். அப்போது கேட்கும் ‘டிக்’ ஒலி கோளாறு அல்ல. வீல் இடமாகத் திரும்பி வரும்போது நாக்கு மடங்காது. முளை அதை முட்டித் தள்ளும், லீவர் நடுவுக்கு வரும். ‘மீள் முளை’ என்று வைக்கலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

* * *

பாடநூல்களில் ‘கேம்’ என்பதற்கு ‘நெம்புருள்’ என்ற சொல் நெடுநாளாக இருக்கிறது. கேம் ஷாஃப்ட் ‘நெம்புருள் தண்டு’. எனவே ‘மீள் நெம்புருள்’ என்பதே முறை. இருக்கும் சொல்லை விட்டுப் புதிது தேடினால் படிப்பவர் குழம்புவார்.

* * *

நெம்புருள் எஞ்சினுக்குச் சரி. அங்கே உருளின் வடிவம்தான் வேலை செய்கிறது. உருளும்போது விளிம்பு ஏறி இறங்குவதற்கேற்ப வால்வு மெல்லத் திறந்து மூடும். இங்கே அப்படி இல்லை. வட்டத்தில் ஓரிடத்திலோ ஈரிடத்திலோ துருத்திய புடைப்பு முட்டுகிறது. உருளே இல்லாமல் குடத்தடியில் புடைப்பு மட்டும் உள்ள கார்களில் ‘நெம்புருள்’ என்று படித்தவர் எதைத் தேடுவார்? முளையே இருக்கட்டும்.

என் தயக்கம் முன்பாதியில். ‘மீள்’ தன்வினை, ‘மீட்டல்’ பிறவினை. மீள்வது லீவர். முளை எங்கும் மீளவில்லை, அது வீலோடு சுற்றுகிறது. லீவரை மீட்பதுதான் அதன் வேலை. ஆகவே ‘மீட்பு முளை’.

இதை வெறும் இலக்கணமாக எண்ண வேண்டாம். 1969க்குப் பிறகு வந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்டியரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வீலைக் கழற்றினால் மேலே ஸ்டியரிங்கைப் பூட்டும் பூட்டுத்தட்டு, அதன்கீழ் இந்தப் பிளாஸ்டிக் முளைவளையம், அதற்கும்கீழ் ஒரு கனத்த ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் மேல் பேரிங்கை இறுக்கிப் பிடிக்க வைத்தது. லீவர் திரும்புவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ‘மீள் முளை’ என்று படித்தவர் ‘ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அதனால்தான் முளை மீளவில்லை’ என்று ஸ்பிரிங்கை மாற்றுவார். கோளாறு அப்படியே இருக்கும்.

* * *

மேலே சொன்ன வகையைக் கழற்றும் வரிசையையும் தருகிறேன். சொல் அங்கே நிற்கிறதா என்று பார்க்கலாம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சக்கரங்கள் நேராக இருக்கட்டும். ஹார்ன் மூடியை எடுத்து, நடு நட்டைத் தளர்த்துங்கள். முழுதும் கழற்றாமல் இரண்டு மரை விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் வீல் திடீரென விடுபட்டு முகத்தில் அடிக்கும். தண்டிலும் குடத்திலும் குறி இல்லையென்றால் இப்போதே குறியுங்கள். வீலை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரின் இரு போல்ட்டுகளும் குடத்தின் மரைத் துளைகளில் போதிய அளவு மட்டும் ஏற வேண்டும். அதிகம் ஏறினால் நுனி அடியில் வந்து மீட்பு முளையை உடைக்கும். வீல் அசையாவிட்டாலும் தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. மோதலில் மடங்கும்படி 1967 முதல் செய்த தண்டுகளில், அளவறிந்து அறுபடும் பிளாஸ்டிக் ஊசிகள் உள்ளே இருக்கின்றன. அடித்தால் அவை அறுந்து தண்டு சுருங்கிவிடும்.

அடுத்து, பூட்டுத்தட்டை அதற்குரிய கருவியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வளைய கிளிப்பை எடுங்கள். தட்டு, மீட்பு முளை, ஸ்பிரிங் என ஒவ்வொன்றாக வரும். லீவரின் ஸ்குரூ, ஹசார்டு குமிழ், சுவிட்சின் மூன்று ஸ்குரூக்கள் ஆகியவற்றைக் கழற்றினால் சுவிட்ச் விடுபடும். அதன் கம்பிகள் குழல் வழியே கீழே தட்டையான கனெக்டருக்குப் போகின்றன. இழுக்கும் முன் கனெக்டரில் ஒரு நூலைக் கட்டுங்கள். பழையது மேலே வரும்போது நூலும் குழலுக்குள் ஏறும், புதியதை அதே நூலில் கட்டிக் கீழே இழுக்கலாம். நூல் இல்லாமல் தள்ளினால் கம்பி மடங்கும், தோல் உரியும்.

பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் பின்னால் ஒரே பல்பு இழையில் எரியும் இந்த வகைக் கார்களில் வெள்ளைக் கம்பிதான் பிரேக் வரவு. அது இந்தச் சுவிட்ச் வழியாகத்தான் மஞ்சளுக்கும் (இடப் பின்) கரும்பச்சைக்கும் (வலப் பின்) பிரிகிறது. அதனால் புதுச் சுவிட்ச் போட்டதும் இண்டிகேட்டரோடு பிரேக் விளக்கையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் பல்பு, சாக்கெட்டோடு இந்தச் சுவிட்சையும் சந்தேகியுங்கள்.

இவ்வளவிலும் ‘மீட்பு முளை’ தடங்கலின்றி ஓடுகிறது. எனக்குச் சம்மதம்.

* * *

‘மீட்பு’ என்றால் வெள்ளத்தில் சிக்கியவரைக் காப்பாற்றும் ‘மீட்புப் படை’ நினைவுக்கு வராதா?

* * *

வரும். ஆனால் அடகு வைத்த நகையையும் மீட்கத்தானே செய்கிறோம்? போன பொருளை இருந்த இடத்துக்குக் கொண்டுவருவதே அடிப்படைப் பொருள். லீவருக்கு நடப்பதும் அதுதான். ‘மீள்’ என்பதை எறிந்துவிடவும் வேண்டாம். தானே நடுவுக்கு வரும் சுவிட்சை ‘தன்மீள் சுவிட்ச்’ என்னலாம். மீள்வது அங்கே லீவர்தான், எனவே தன்வினை சரி. சுவிட்ச் தன்மீள், முளை மீட்பு.

வேற்று வீல் போடுவோருக்கு இந்தப் பிரிவு நல்ல துணை. வீலை மாற்றும்போது தண்டின் பல்லுக்கு ஏற்ற மாற்றுக்குடம் ஒன்று இடையில் வரும். வீலுக்கான துளைவட்டத்தை வாங்கும் முன் அளந்துவிடுங்கள். ஆறு போல்ட் வீல்களில் 70 மி.மீ. விட்டமும் உண்டு, 74 மி.மீ. விட்டமும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒன்றில் மற்றொன்று ஏறாது. குடத்தடியில் முளை வார்த்திருந்த காரானால், மாற்றுக்குடத்திலும் முளை உண்டா, அதே கோணத்திலா, அதே நீளமா என்று பழையதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முளை இல்லையென்றால் லீவர் ஒருபோதும் மீளாது. குட்டையானால் நாக்கை எட்டாது. நீளமானால் சுவிட்சின் முகத்தை உராய்ந்து தேய்க்கும். கோணம் பிசகினால் ஒரு பக்கம் வளைவு முடியும் முன்பே அணையும், மறுபக்கம் வீல் நேரானபிறகும் எரியும்.

குடத்தடியில் முளை உள்ள காரில் ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் அணைந்தால் சுவிட்சைக் குறைசொல்லாதீர்கள். யாரோ வீலைப் பல் மாற்றிப் போட்டு நேராக்கியிருக்கிறார்கள். தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. வீல் மட்டும் நகரவில்லை, அதோடு முளையும் நகர்ந்துவிட்டது. முளையைச் சுவிட்சுக்கு நேராக வைத்துவிட்டு, வீலின் சாய்வை, முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகளில் திருத்துவதே முறை. ஒன்றை நீட்டும் அளவு மற்றதைக் குறைத்தால் சக்கரங்களின் உள்வளைவு (டோ-இன்) மாறாது.

* * *

நன்றி. ‘மீட்பு முளை’, ‘தன்மீள் சுவிட்ச்’, ‘மாற்றுக்குடம்’ மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். சுவிட்சுக்குள் இருப்பதை ‘நாக்கு’ என்றே எழுதுகிறேன். பூட்டின் நாக்கைப் போல் அதுவும் நீண்டு உள்வாங்குகிறது, வேறு சொல் தேவையில்லை. மாட்டும் பகுதி இப்படி வருகிறது:

“லீவரை நடுநிலையில் வைத்தபின்பே வீலைச் செருகுங்கள். லீவர் ஒரு பக்கம் போட்டிருந்தால் நீண்டு நிற்கும் நாக்கின் மேல் மீட்பு முளை அமர்ந்து அதை முறிக்கும். குறிகளைப் பொருத்தி, ஹார்ன் தொடுமுனை குடத்தின் துளையில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தபின் நட்டை இறுக்குங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வகைக்கு 30 அடி-பவுண்டு, ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர். மற்றக் கார்களுக்கு அவற்றின் கையேட்டு அளவு. பேட்டரியை இணைத்ததும் ஹார்ன் தானாக அலறினால் தொடுமுனையின் காப்புப் புஷ் விடுபட்டிருக்கும். வண்டியை நிறுத்தியபடியே இரு பக்கமும் இண்டிகேட்டர் போட்டு, வீலைத் திருப்பி மீட்டுப் பாருங்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் அணைய வேண்டும்.”