ரயிலை நம்பி என்னென்ன முடிவுகள் எடுத்தீர்கள்? வேளச்சேரி – பரங்கிமலைப் பாதை ஓரத்து அனுபவங்கள்

புழுதிவாக்கத்துக்காரன் (2025 செப்டம்பர்)

2009இல் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது தரகர் முதலில் காட்டியது வீட்டை அல்ல. உள்வட்டச் சாலை ஓரத்தில் தோண்டிப் போட்டிருந்த ஒரு குழியைக் காட்டினார். "சார், தூண் இங்கேதான் வருகிறது. இரண்டே வருடம். பல் தேய்த்துக்கொண்டே ரயிலைப் பார்க்கலாம்" என்றார். அந்தப் பல் தேய்ப்புக்காகச் சதுர அடிக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். தூண் வந்தது. தூண்மேல் பாலமும் வந்தது. அதன்மேல் பயணிகளோடு ஒரு வண்டி போவதை இன்றுவரை நான் பார்க்கவில்லை. இதற்குள் மூன்று தடவை பல் கட்டியாகிவிட்டது.

வெளியூர் நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து மயிலாப்பூர் வழியாகத் தூண்பாலத்தின் மேல் வரும் பறக்கும் ரயில் 2007 நவம்பரில் வேளச்சேரியைத் தொட்டது. அங்கிருந்து புழுதிவாக்கம், ஆதம்பாக்கம் வழியாகப் பரங்கிமலை வரை இன்னும் 5 கிலோமீட்டர் நீட்டிக்க 2008இல் வேலை தொடங்கியது. மதிப்பீடு அப்போது 495 கோடி ரூபாய். பிறகு எழுநூறு கோடியைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி எழும்பிய பிறகு, ஆதம்பாக்கம் பக்கத்தில் சுமார் அரைக் கிலோமீட்டருக்கு நில இழப்பீட்டு வழக்குகள் வந்து, வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. பாலம் அந்தரத்தில் முடிந்து, கம்பிகள் துருவேறி நீட்டிக்கொண்டு நின்ற காட்சியை இந்தப் பக்கம் வந்துபோன எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

தாமதத்தைப் பற்றிப் புலம்ப இந்த இழையைத் தொடங்கவில்லை. புலம்பல் போதுமான அளவு ஆகிவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. வராத ரயிலை வந்ததாகவே வைத்துக்கொண்டு நாம் எடுத்த முடிவுகள் என்னென்ன?

என்னுடையதைச் சொல்கிறேன். 2011இல் என் மனைவிக்குத் தாம்பரத்துக்கு மாற்றல் வந்தது. மறுத்திருக்கலாம். "பரங்கிமலை இணைப்பு வந்துவிட்டால் நேராக ஏறி, மாறி, இருபது நிலையமானாலும் உட்கார்ந்தே போகலாமே" என்று நான்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன். பதினான்கு வருடங்களாகக் காலையில் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் பரங்கிமலைக்குப் போய், அங்கே மின்சார ரயில் பிடிக்கிறாள். மழை நாளில் அந்தச் சின்னத் தூரத்துக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. ஷேர் ஆட்டோ பாலத்தின் நிழலிலேயே போகிறது என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் பகுதி. அடுத்த ஆண்டு அவள் ஓய்வு பெறுகிறாள். "திறந்தால் ஒரு நாள் சும்மாவாவது போய் வரலாம்" என்று போன வாரம் சொன்னபோது, நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது உங்கள் கதைகள்.

---

மூன்றாம் மாடி

எங்களுடையது முடிவு என்று சொல்லத் தக்கதல்ல. பாலம் எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், நடுவில் ஒரு வேப்பமரம் மட்டும். வேலை மீண்டும் தொடங்கியபோது தொழிலாளர்கள் எங்கள் அம்மாவுக்கு நேர்முகமாக நின்று வேலை செய்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. இரண்டாம் நாள் அம்மா மோர் கொடுக்க ஆசைப்பட்டார். பாலத்துக்கும் பால்கனிக்கும் இருபது அடி இடைவெளி. எப்படிக் கொடுப்பது? கீழே இறங்கிப் போய்க் காவலாளியிடம் தூக்குவாளியைக் கொடுத்து, அவர் சாரத்தில் கயிறு கட்டி மேலே ஏற்றி, அது போய்ச் சேர்ந்ததை அம்மா மறுபடி மூன்று மாடி ஏறி வந்து பால்கனியிலிருந்து சரிபார்த்தார். முழங்கால் வலிக்காரர்.

அவர்கள் வேலை முடிந்து போன அன்று ஒருவர் பாலத்தின் மேலிருந்து கையசைத்தார். அம்மா மட்டும் பார்த்திருக்கிறார்.

முடிவு என்று கேட்டதால் சொல்கிறேன்: போன மாதம் கனமான திரைச்சீலை வாங்கினோம். வண்டி ஓடத் தொடங்கினால், நாம் சாப்பிடுவதை ஜன்னல் ஓரத்துப் பயணிகள் எல்லோரும் பார்ப்பார்கள் அல்லவா.

---

சீசன் டிக்கெட்

நான் வேளச்சேரியில் ஏறுகிறவள். பாரிமுனையில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன், கடற்கரை நிலையத்தில் இறங்க வேண்டும். உங்களுக்கு வராத ரயில். எனக்கு வந்த ரயில் பாதியில் நின்றுபோனது. அதையும் சேர்த்துக்கொள்வீர்களா அண்ணா?

2023 ஆகஸ்ட் 27 முதல் எங்கள் வண்டி சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவில் நான்காவது பாதை போடுவதற்காக என்றார்கள். ஏழு மாதம் என்று சொன்னது பதினான்கு மாதம் ஆனது. முதல் வாரம் நான் எடுத்த முடிவு, "ஏழு மாதம்தானே, நடந்துவிடலாம்" என்பது. சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, கூவத்தைத் தாண்டி, சென்ட்ரல் பக்கம் போய்ப் பேருந்து பிடித்தால் கடைக்கு அரை மணி நேரம் தாமதம். முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். திட்டினால்கூடத் தேவலை.

பத்தாவது நாள், பெண்கள் பெட்டியில் எப்போதும் எதிரே உட்காரும் ஒரு அக்கா தாமாகவே வந்து, "நீங்களும் பாரிமுனைதானே? ஆட்டோவைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா?" என்றார். எட்டு வருடம் ஒரே பெட்டியில் போயிருக்கிறோம். அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்னும் இருவர் சேர்ந்தார்கள். நால்வரும் ஒரே ஆட்டோ, ஒரே ஓட்டுநர். அவர் எங்களுக்காக ஒன்பது மணிக்கே வந்து நிற்பார். யார் வீட்டில் யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யாருடைய மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்பதெல்லாம் அந்த ஆட்டோவில்தான் எனக்குத் தெரிந்தது.

2024 அக்டோபர் 29இல், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், கடற்கரை வரை மறுபடி ஓடத் தொடங்கியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் ஆட்டோ இல்லை என்றானதும் மிச்சமிருந்த மூவரும் பழையபடி அவரவர் இருக்கைக்குப் போய்விட்டோம். பெட்டியில் பேச்சு அவ்வளவாக ஓடுவதில்லை, ஏன் என்று தெரியவில்லை. நால்வரில் ஒருவர் அதற்கு முன்பே, நடுவிலேயே வேலையை விட்டு வீட்டருகே வேறு இடம் பார்த்துக்கொண்டார். ஏழு மாதம் என்பதற்குப் பதிலாகப் பதினான்கு என்று முதலிலேயே சொல்லியிருந்தால், அவர் முதல் மாதமே போயிருப்பார். இழுத்து இழுத்துச் சொன்னதால் ஒவ்வொரு மாதமும் "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று தாக்குப்பிடித்து, கடைசியில் சேமிப்பும் போய், பிறகுதான் விட்டார். வேலை தாமதமாவது இருக்கட்டும், தேதியை நேராகச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

---

வண்டி நிறுத்தம்

சுருக்கமாக. நிலையம் வரப்போகிறது என்று பக்கத்தில் காலி மனை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து இருசக்கர வாகன நிறுத்தம் நடத்தத் திட்டமிட்டேன். தகரக் கூரை போட்டேன், டோக்கன் அச்சடித்தேன். எட்டாயிரம் டோக்கன். மனையைத் திருப்பிக் கொடுத்து வருடங்கள் ஆகின்றன. டோக்கன்களின் பின்பக்கத்தில் என் மகள் கணக்குப் போட்டுப் பழகினாள்.

---

மடிப்பாக்கம் மருமகள்

நாங்கள் இரண்டு ரயில்களுக்குக் காத்திருக்கிறோம் என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒன்று இந்தப் பறக்கும் ரயில். இன்னொன்று மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் மெட்ரோ ஐந்தாம் வழித்தடம். அது ஆலந்தூர், பரங்கிமலை, ஆதம்பாக்கம் தாண்டி எங்கள் பக்கம் வருகிறது. ஆகவே ஒரு திசையில் போனாலும் தூண், மறு திசையில் போனாலும் தூண். சாலை நடுவில் தடுப்பு, அதன் இரு பக்கமும் ஒற்றை வரிசை வாகனம், அதில் எதிர்த் திசையில் வரும் ஒரு தண்ணீர் லாரி.

என் முடிவு: பையனைத் தொலைவில் இருக்கும் நல்ல பள்ளியில் சேர்க்காமல் தெருமுனைப் பள்ளியிலேயே சேர்த்தேன். "மெட்ரோ வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்" என்றார் மாமனார். பையன் இப்போது எட்டாம் வகுப்பு, அங்கேயே நன்றாகப் படிக்கிறான், மாற்றும் எண்ணமே இல்லை. வராத ரயிலால் நன்மை அடைந்தவர் பட்டியலில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

ஆதம்பாக்கத்தான்

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

புழுதிவாக்கத்து ஐயா "நில இழப்பீட்டு வழக்குகள்" என்று ஒரே வரியில் தாண்டிப் போனீர்களே, அந்த வரிக்குள் எங்கள் வீடு இருந்தது. உங்கள் மனைவியை ஷேர் ஆட்டோவில் உட்கார வைத்தவர்களில் நாங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கடன் வாங்கி, கொத்தனாரோடு தானும் செங்கல் சுமந்து கட்டிய வீடு. பாதை வீட்டின் குறுக்கே போகிறது என்று அறிவிப்பு வந்தபோது அவர் மறுக்கவில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். "ஊருக்கு ரயில் வருகிறது, கொடுத்துத்தான் ஆக வேண்டும்" என்றார். தகராறு தொகையில்தான். வழிகாட்டி மதிப்பை வைத்து ஒரு கணக்குச் சொன்னார்கள். அந்தப் பணத்தில் ஆதம்பாக்கத்தில் அதே அளவு மனை அல்ல, பாதி மனைகூடக் கிடைக்காது. நகரத்துக்கு வெளியே எங்கோ போக வேண்டும். அப்பாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அவருடைய மருத்துவர், கோயில், சீட்டாட்ட நண்பர்கள் எல்லோரும் நடந்துபோகும் தூரத்தில். நடுவில் புதிய நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நகர்ப்புறத்தில் சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேரும். பழைய சட்டமா புதிய சட்டமா என்பதுதான் எங்கள் தெருவில் காலைக் காபிக்கே பேச்சு. வழக்கறிஞர் மட்டும் இரண்டு பேர் மாறினார்கள்.

வேலை நின்றிருந்த வருடங்களில் வாடகைக்குக்கூட யாரும் வரவில்லை. இடிக்கப்போகிற வீட்டுக்கு யார் வருவார்கள்? சுண்ணாம்பு அடிக்கவில்லை. ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்தோம். அக்காவுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டார் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நீங்கள் ரயில் வருமென்று காத்திருந்தீர்கள், நாங்கள் ரயில் வந்து இடிக்கும் என்று காத்திருந்தோம்.

கடைசியில் முடிந்தது, போனோம். தொகையைப் பற்றி எழுத விருப்பமில்லை. அப்பா புது வீட்டில் ஒன்றரை வருடம் இருந்தார்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ரயிலை நம்பி நாங்கள் எடுத்த முடிவு, பதினோரு வருடம் எந்த முடிவும் எடுக்காமல் இருந்தது.

---

புழுதிவாக்கத்துக்காரன்

தம்பி, உங்கள் பதிவை மனைவியிடம் படித்துக் காட்டினேன். எத்தனையோ நாள் ஷேர் ஆட்டோவில் அந்த இடத்தைத் தாண்டும்போது, "நாலு பேர் பிடிவாதத்தால் ஊரே தவிக்கிறது" என்று உரக்கச் சொல்லியிருக்கிறேன் என்றாள். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த ஒற்றை வரியை நான் திருத்தப்போவதில்லை, உங்கள் பதிவு அதன் கீழேயே இருக்கட்டும்.

---

சீசன் டிக்கெட்

ஆதம்பாக்கத்து அண்ணா, அக்காவுக்குத் திருமணம் ஆகிவிட்டதா? சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம்.

---

ஆதம்பாக்கத்தான்

ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் இதை வைத்து நாங்களே சிரித்துக்கொள்வோம்.

---

மூன்றாம் மாடி

இன்னொரு கவலை. பறக்கும் ரயிலை மெட்ரோவோடு இணைக்க 2025இல் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. நிலையங்களில் வெளிச்சம், நகரும் படிக்கட்டு, காவல் எல்லாம் மேம்படும் என்றால் சந்தோஷம்தான். நான் இறங்கும் நிலையத்தில் இரவு எட்டு மணிக்குப் பிறகு செல்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படி இறங்குகிறேன். ஆனால் இப்போது குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய், மெட்ரோவில் 10 ரூபாய். சீசன் டிக்கெட் என்ன ஆகும்? எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் மூன்று பெண்களும் இந்த ரயிலில்தான் வருகிறார்கள். அவர்களுடைய கணக்கில் மாதச் சீசன் என்பது ஒரு நாள் கூலியைவிடக் குறைவு. அது நாலு நாள் கூலி ஆகிவிட்டால், வெளிச்சமான நிலையத்தை அவர்கள் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

---

சீசன் டிக்கெட்

ஆமாம். என் பெயரையே மாற்ற வேண்டியிருக்கும்.

---

தில்லை கங்கா நகர்

தாமதமாகச் சேர்கிறேன். 2024 ஜனவரியில் எங்கள் பக்கம் கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் ஒரு பகுதி சரிந்தபோது நான் வீட்டில் இருந்தேன். லாரி கவிழ்ந்துவிட்டதோ என்று ஓடினோம். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. அதன்பிறகு இரண்டு மாதம் என் அப்பா பாலத்துக்குக் கீழே நடக்க மறுத்து, சாலையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பால் வாங்கினார். இப்போது அவரே பேரனைக் கூட்டிக்கொண்டுபோய், அண்ணாந்து பார்த்து, "இதுதான் நம் ரயில்" என்று காட்டுகிறார். பயம் இரண்டு மாதம்தான் தாங்கும்போலிருக்கிறது.

மழைக்காலம் வருகிறது. பாலத்துக்கு அடியில் இருசக்கர வண்டிகள் ஒதுங்கி நிற்குமே, அந்த இடத்தில் சாலையை அடைத்துவிடாமல் ஓரமாக நில்லுங்கள் என்று இங்கே படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். போன வருடம் ஒரு ஆம்புலன்ஸ் பத்து நிமிடம் நின்றது.

---

புழுதிவாக்கத்துக்காரன்

நிற்கமாட்டோம்.

ஒரு விஷயம் கேட்க மறந்துவிட்டேன். திறக்கும் நாளில் மனைவியை அழைத்துப்போவது என்று நேற்று முடிவு செய்தோம். அவளுக்கு இப்போது படி ஏறுவது கடினம். புழுதிவாக்கம் நிலையத்தில் மின்தூக்கி சாலையின் எந்தப் பக்கம் வருகிறது? வேலை நடந்தபோது உள்ளே போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.