சர்ஜ் கெபாசிட்டி: ‘விரிதிறன்’ சரிவருமா?

நோயாளிகள் திடீரென்று குவியும்போது மருத்துவமனை தன்னைக் கூட்டிக்கொள்ளும் திறனை ஆங்கிலத்தில் ‘சர்ஜ் கெபாசிட்டி’ (surge capacity) என்கிறார்கள். நம் அகராதிக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஐயாவும் அக்காவும் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

> “கூடுதல் படுக்கை வசதி” என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. புரியும், ஆனால் தப்பாகப் புரியும்.

2021 மே மாதம் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருந்தேன். ஒரே நாளில் இருபது கட்டில் வந்து இறங்கியது. ராத்திரி ஆக்சிஜன் சிலிண்டரும் வந்தது. ஆக்சிஜன் எவ்வளவு போகிறது என்று பார்த்துத் திருப்ப, சிலிண்டர் தலையில் மாட்டுகிற ஃப்ளோமீட்டர் மட்டும் ஆறுதான். ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் அதிலிருந்து கழற்றி அடுத்ததில் மாட்ட ஓடுவோம். வார்டு முழுக்க நாங்கள் இரண்டே பேர். இடம், ஆள், பொருள், இவற்றை நடத்துகிற ஏற்பாடு நான்கும் சேர்ந்து கூடினால்தான் அது சர்ஜ் கெபாசிட்டி. அதனால் ‘படுக்கை’ இந்தச் சொல்லுக்குள் வரவே கூடாது என்பேன்.

> ஏரி நிரம்பினால் நம் பக்கம் “கோடி போகுது” என்கிறோமே, அதிலிருந்து எடுக்கலாமா?

அக்கா, எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ஏரி கொள்ளாத தண்ணீர் வெளியேறும் வழிதானே கோடி? நமக்கு வேண்டியது கொள்ளாததையும் கொள்கிற திறன். ‘பெருக்கு’ என்றும் யோசித்தேன். ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்கு என்றால் வருகிற வெள்ளம். அதை நோயாளிகள் குவிவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை ‘விரிதிறன்’. வினைத்தொகை என்பதால் விரிந்ததும் விரிகிறதும் இனி விரியப்போவதும் அதில் அடங்கும். அடுத்த கொள்ளைநோய்க்கான திட்டத்தில் எழுத இது தோதாக இருக்கும். ‘விரிதாள்’ (ஸ்ப்ரெட்ஷீட்) பழகியவர்களுக்கு இது உறுத்தாது. ‘மீள்திறன்’ (ரெசிலியன்ஸ்) பக்கத்திலும் பொருந்தி நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கொரோனா வார்டுக்கு ஆட்களை இழுத்துக்கொண்டதும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பஸ்ஸும் இல்லை. ஜூலையில் ஒரு பாட்டி காலில் புண்ணோடு வந்தார். கட்டைப் பிரித்தால் கட்டைவிரல் கறுத்திருந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போனா ஒட்டிக்கும்னாங்க கண்ணு” என்றார். மூன்று மாதமாக மாத்திரை இல்லை. அந்தக் கால் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

அந்த ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே போனது. மருத்துவமனை தன் சுவரைத் தாண்டி விரிவதும் விரிதிறன்தான். ‘கூடுதல் படுக்கை’ என்று வைத்தால் அந்தப் பாட்டி கணக்கிலேயே வரமாட்டார்.

அகராதிக்கு இப்படி எழுதலாமா?

விரிதிறன்: நோயாளிகள் திடீரென்று பெருகும்போது, வழக்கமான சிகிச்சை நின்றுவிடாமல், இடம், ஆள், பொருள், ஏற்பாடு நான்கையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளும் வலு.

அப்புறம் ஒரு சந்தேகம். திட்ட அறிக்கையில் எண்ணோடு வரும்போது ‘20 விழுக்காடு விரிதிறன்’ என்பது சரியா, இல்லை ‘விரிவளவு’ என்று தனிச்சொல் வேண்டுமா? இலக்கணம் பார்த்து அக்காதான் சொல்ல வேண்டும்.