பாதி வருஷம் வறண்டு கிடக்கும் கண்மாயில் நன்னீர் ஆய்வு செய்ய முடியுமா?

கண்மாய்க்கரை:
எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு லிம்னாலஜி எடுத்திருக்கிறேன், அதாவது ஏரி, குளம், ஆறு பற்றிய படிப்பு. வீட்டில் "கடலை வாசலில் வைத்துக்கொண்டு கண்மாயில் என்னடா தேடப்போகிறாய், கடல் ஆராய்ச்சி நடக்கிற மண்டபம் ஊர்ப்பக்கம் போ" என்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, எனக்கே ஒரு குழப்பம். புத்தகத்தில் வருவதெல்லாம் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஆழமான ஏரிகள். எங்கள் கண்மாயோ ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, சித்திரைக்குள் பாளம் பாளமாக வெடித்துவிடும், அப்புறம் உள்வாயில் ஆடு மேயும். இதில் படிக்க என்ன இருக்கிறது?

பழைய வாத்தியார்:
தம்பி, உன் குழப்பம் நியாயம்தான். இந்தத் துறையைத் தொடங்கிய ஃபொரெல் சுவிட்சர்லாந்துக்காரர், ஜெனீவா ஏரியை ஆராய்ந்து 1892 முதல் 1904 வரை மூன்று தொகுதி எழுதினார். அது 300 மீட்டருக்கு மேல் ஆழம். மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர் என்று அடுக்காகப் பிரிந்து மாதக்கணக்கில் நிற்கும். நம் கண்மாயில் அந்த அடுக்கு நிலைக்காது, காற்று கலக்கிவிடும். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை போய்த் தண்ணீர் எடுத்தால் ஒன்றும் பிடிபடாது. ஒரே நாளில் விடியற்காலையிலும் பிற்பகலிலும் ஆக்சிஜன் பார். ராத்திரி பாசியும் மூச்சு விடும், ஆக்சிஜன் உற்பத்தியும் இருக்காது, அதனால்தான் விடியும்போது கெண்டை மேலே வந்து வாயைப் பிளக்கிறது.

விரால்பிரியன்:
வறண்டால் எல்லாம் செத்துப்போச்சு என்று யார் சொன்னது? சேறு ஈரமாக இருக்கும்வரை விரால் உள்ளே புதைந்து கிடக்கும், அது காற்றையும் சுவாசிக்கிற மீன். எங்கள் ஊர்க் கண்மாயில் மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் எடுத்தவர் வலையை இழுத்து முடித்துப் போன பிறகும் பையன்கள் சேற்றைக் கிளறி விரால் பிடிப்பார்கள்.

பழைய வாத்தியார்:
அதேதான். இன்னும் சின்னதுகள் காய்ந்த மண்ணிலேயே முட்டையாகக் கிடக்கும், நீர்த்தெள்ளு, ரோட்டிஃபர் போன்ற நுண்ணிய நீர்வாழ் உயிர்கள் எல்லாம். நாலைந்து இடத்தில் காய்ந்த மண் எடுத்து மழைத்தண்ணீரில் ஊறவைத்துத் தினமும் மைக்ராஸ்கோப்பில் பார். மழை பெய்ததும் மீன்குஞ்சுக்கு முதல் தீனி அதிலிருந்துதான் வருகிறது. குஞ்சு தேறினால்தான் சித்திரங்குடி, காஞ்சிரங்குளத்துக்கு வருகிற நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இரை. அந்த இரண்டு பறவைகள் சரணாலயமும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததாக 2022ல் அறிவித்தார்கள், இரண்டுமே கண்மாய்தான். அங்கே மண் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், அதனால் உன் ஊரிலேயே தொடங்கு.

தேரிமணல்:
கடலா கண்மாயா என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு குடம் நிரப்புவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பெய்த மழை மணலில் இறங்கி, கனமான உப்புத்தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் போட்டு அந்த ஒரு அடியை உறிஞ்சிவிட்டால் உப்பு எவ்வளவு மேலே ஏறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் நன்னீரும் கடலும் இப்படி ஒட்டியே இருக்கின்றன. தம்பி, வீட்டில் கேட்டால் இதைச் சொல்.

கண்மாய்க்கரை:
வாத்தியார் ஐயா, மண் யோசனை பிடித்திருக்கிறது. எப்போது எடுக்கலாம்? வைகாசி சரியா?

விரால்பிரியன்:
வைகாசி வரை விட்டால் வயலுக்கு வண்டல் அள்ள டிராக்டர் வந்துவிடும் தம்பி, அதற்கு முன்னால் எடு. மடைப் பக்கம் ஒன்று, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று.